கம்புக்காரி பிடுங்கிய கம்புகள்

கம்புக்காரி என்றால்தான் அவளை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. வேலை, மேட்டுவெளிக் காவல். காவல் என்றதும் துப்பாக்கி, விறைப்பான தொப்பி என்றெல்லாம் கற்பனை பண்ண வேண்டாம். நிறம் மங்கிய மழைக்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் ஒரு தொலைநோக்கி, தோளில் ஒரு கட்டு மூங்கில் கம்பு, இவ்வளவுதான்.

மேட்டுவெளி என்பது பெயருக்குக்கூட ஒரு மரம் இல்லாத உயரமான நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை குட்டைப் புதர்களும் கோரைப்புல்லும். மண் கன்னங்கரேலென்று இருக்கும். காலை வைத்தால் மெத்தை போல அமுங்கும். சில இடங்களில் ஆளை இடுப்பு வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் "இங்க ஒண்ணுமே இல்லையே" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒன்றுமே இல்லையாம். குனிந்து பார்க்கத் தெரியாதவர்களுக்கு எங்கேதான் என்ன இருக்கிறது? அந்தப் புல்லுக்குள் தவளை, பல்லி, முயல், நரி என்று ஒரு ஊரே குடியிருந்தது. எல்லாவற்றையும்விட வளைமூக்கன் இருந்தது. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு உள்ள பறவை. மரமில்லாத இடத்தில் அது கூட்டை எங்கே கட்டும்? தரையில்தான். புல்லை உடம்பால் அழுத்தி ஒரு பள்ளம், அதில் மண் நிறத்தில் முட்டைகள். மிதிக்கிற வரை கண்ணுக்குத் தெரியாது.

வெயில் காலத்தில் தீ பரவாமல் இருக்க, முன்கூட்டியே மேட்டில் பட்டை பட்டையாகப் புல்லை வெட்டிவிடுவார்கள். வெட்டும் டிராக்டரை ஓட்டுகிறவன் அவளுடைய கொழுந்தன். வாய்க்கு வாய் 'அண்ணி' போடுவான், சொன்ன பேச்சைத் தட்டமாட்டான். ஆனால் உயரமான இருக்கையிலிருந்து பார்த்தால் கூடு அவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் அவள் கம்பைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கூட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கம்பு, அதன் நுனியில் சிவப்புத் துணி. கம்பு இருந்தால் விலகு, கம்பு இல்லையென்றால் தாராளமாக ஓட்டு. அவன் அப்படியே செய்தான். ஒரு கூடுகூட வெட்டில் போகவில்லை. அலுவலகம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. மற்ற மேட்டுவெளிகளிலும் அவள் சொன்னபடி கம்பு நட்டார்கள். எதிலும் குறை காண்கிற மாமியாரே ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குஞ்சுகள்தான் வரவில்லை. வெட்டுக்குத் தப்பிய முட்டைகள் வருஷா வருஷம் எப்படியோ காணாமல் போயின. அவள் நரிமேல் பழியைப் போட்டாள். இந்த வருஷமும் கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதற்கு அடுத்திருந்த கூடு காலியானதை மட்டும் அவள் கண்ணால் பார்த்தாள். ஒரு காகம் வந்து அவள் நட்ட கம்பின்மேல் உட்கார்ந்தது. அங்கிருந்து தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. பறவை அதை விரட்ட எழுந்த நேரத்தில், இன்னொரு காகம் முட்டையைக் கவ்விக்கொண்டு போனது. எல்லாம் முடிந்ததும் இரண்டும் அடுத்த கம்பை நோக்கி நேராகப் பறந்தன, கடைப் பலகையைப் பார்த்து உள்ளே நுழைகிற வாடிக்கையாளர்கள் மாதிரி.

நரி இல்லை, இத்தனை வருஷமும் காட்டிக்கொடுத்தது தன் கைதான். கூச்சல் போட்டுக் காகங்களை விரட்டிவிட்டு, எல்லாக் கம்புகளையும் பிடுங்கி வீட்டு விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். கொழுந்தனிடம் சொல்லியாக வேண்டும், நன்றாகத் தெரியும். ஆனால் ஊரே மெச்சிய கம்பை எந்த வாயால் குறை சொல்வது? வெட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று நாளைக் கடத்தினாள்.

வறண்ட காற்று சீக்கிரமே வரப்போகிறது என்று அலுவலகம் வெட்டை முன்கூட்டியே தொடங்கச் சொன்னது. அது அவளுக்குத் தெரியாது. காலையில் மேற்கு வேலியோரம் நடந்துகொண்டிருந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. கம்பு இல்லாத மேட்டில் அவன் ஏன் விலகப்போகிறான்?

ஓடினாள். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. மேட்டில் அது இறங்கினால் நீட்டிய கைகூடத் தெரியாது. போனை எடுத்தாள், பாறைமேல் ஏறினால்தான் அதற்கு உயிர் வரும். சத்தம் ஒரு சமயம் வலது பக்கம், ஒரு சமயம் முதுகுக்குப் பின்னால். சேற்றில் தொடை வரை இறங்கி, ஒரு பூட்ஸைப் பறிகொடுத்துவிட்டு எழுந்தாள். மிஞ்சிய கூடு, சாய்ந்த புதர் ஒன்றின் அருகில் என்பது நினைவிருந்தது. பனிக்குள் எல்லாப் புதர்களும் சாய்ந்தே தெரிந்தன. இனி ஓடினால் தன் காலே முட்டைமேல் விழலாம். நின்றுவிட்டாள்.

மஞ்சள் விளக்கு நேராக அவள்மேல் வந்தது. மழைக்கோட்டைக் கழற்றித் தலைக்குமேல் வீசினாள். தொட்டுவிடும் தூரத்தில் வண்டி நின்றது.

"அண்ணி, ஏதாவது ஆகியிருந்தா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" கொழுந்தன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"எஞ்சினை நிறுத்து. இறங்காத. இங்கதான் எங்கயோ கூடு இருக்கு."

"கம்பே இல்லையே."

"நான்தான் பிடுங்கினேன்."

காகத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

"பின்னாடி பூரா வெட்டிட்டேன் அண்ணி," என்றான் மெதுவாக. "அதுல போயிருந்தா?"

ஒரு கால் வெறுங்காலாக, நின்ற இடத்தைவிட்டு நகராமல் காத்திருந்தாள். பனி கலைய ஆரம்பித்ததும் முதலில் தெரிந்தது டிராக்டர் கூரையில் ஒரு காகம். அது விளிம்புக்கு வந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தது. அவள் மெல்லக் குனிந்தாள். முன்சக்கரங்களுக்கு நடுவில், எஞ்சினுக்கு நேர் கீழே, இமைக்காத ஒரு கண். வளைமூக்கன் முட்டைமேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. வெட்டும் கத்தி வண்டியின் பின்னால்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

"இருக்கு," என்றாள். விரலால் வண்டிக்கு அடியில் காட்டினாள்.

"அப்ப கத்தியைத் தூக்கிட்டுப் பின்னால எடுத்துடறேன்."

"எடுத்தா காக்காவுக்குத் தட்டுல வெச்சுக் குடுத்த மாதிரி. பக்கத்துல மறைவே இல்ல, மொட்டையா வெட்டியாச்சு, இங்க இருந்த புல்லும் வண்டிக்கடியில படுத்துடுச்சு. வண்டிதான் இப்ப அதுக்குக் கூரை. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இங்கயே நிக்கட்டும்."

அவன் பின்பக்கமாக, பூனை போல இறங்கினான். இடுப்பில் மாட்டியிருந்த வயர்லெஸ் கருவியைக் கையில் எடுத்தான்.

"வண்டி ரிப்பேர்னு சொல்லிடறேன். கம்பு சமாச்சாரம் நமக்குள்ளயே இருக்கட்டும் அண்ணி. உங்க பேர் கெட வேண்டாம்."

நல்ல மனசு. அவளுக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டாமல் இல்லை. ஆனால் மற்ற மேடுகளில் தன் பேச்சைக் கேட்டு நட்ட கம்புகள் இந்நேரமும் நின்றுகொண்டிருக்குமே. கருவியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"சார், வண்டியில ஒண்ணும் ரிப்பேர் இல்ல. நான் சொன்ன கம்புதான் தப்பு. காக்கா அதைப் பார்த்துத்தான் முட்டைக்கு வருது. எல்லா மேட்டுலயும் இன்னிக்கே பிடுங்கச் சொல்லுங்க."

மறுமுனையில் அலுவலகத்து அதிகாரி, "நிச்சயமா தெரியுமா?" என்றார்.

"கண்ணால பார்த்தேன் சார். பார்த்த அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

கருவியை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். இருவரும் பறவைக்குக் கேட்காத தூரத்துக்கு அடிமேல் அடி வைத்து விலகி வந்தார்கள்.

"இனிமே எதைப் பார்த்து வண்டி ஓட்டறது அண்ணி?" என்று கேட்டான் கொழுந்தன்.

"என்னைக் கேளு," என்றாள். "கேக்க மறந்துட்டாலும் நானே வந்து சொல்லிடறேன்."