நாலாவது வீட்டின் சாவி

செங்கல்பட்டு ஷஃபியுல்லாவுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான். காண்டிராக்டர் ஒருவரிடம் இருபது வருஷம் ஓவர்சியராக இருந்தார். கோணல் சுவரைக் கண்டால் கையாலேயே இடித்துத் தள்ளுவார். அவர் சைக்கிள் மணி கேட்டாலே கொத்தனார்கள் சுவர் நேர் பார்க்கத் தூக்குக்குண்டைத் தேடுவார்கள். கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்பார்களே, அவரிடம் இரண்டும் இருந்தன. கோபம் கொஞ்சம் கூடுதல்.

1957-இல் சென்னைக் கலைச் சங்கம் ஒன்று மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் நாலு வீடுகள் கட்ட முடிவு செய்தது. வெளியூர்க் கலைஞர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யலாம். வரைபடம் போடும் பொறுப்பு ஷஃபியுல்லாவின் தலையில் விழுந்தது. ஒரே மாதிரி நாலு கட்டிப்போட்டால் போதும் என்றார் சங்கத்துக் காரியதரிசி ராஜாராம். ஆளைப் பார்க்காமல் வீடு போடமாட்டேன் என்று இவர் அடம்பிடித்தார். முதலில் வரப்போகிற நாலு கலைஞர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவரையும் தேடிப் போனார்.

ஓவியருக்கு வடக்கு வெளிச்சம் விழும்படி ஜன்னல் வைத்தார். சிற்பி கல்லை உருட்டிக்கொண்டு போக வாசற்படியே இல்லாமல் செய்தார். வீணை வாசிக்கும் அம்மாளுக்கு அலை இரைச்சல் எட்டாத தடித்த சுவர். நாலாவது பெயர் செய்யூர்ப் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் சின்னையன். அவரைக் கிரீடமும், தோளைத் தாண்டி நீளும் புஜக்கட்டையும் கட்டி நிற்கவைத்து, ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை டேப் பிடித்தார். மற்ற வீடுகளுக்கு மூன்றடிக் கதவு, இதற்கு நாலரை அடி. ராஜா வேஷம் கட்டியவர் உடம்பைத் திருப்பி ஒருக்களித்து நுழையக்கூடாது என்பது அவர் எண்ணம்.

திறப்பு விழாவன்று சின்னையன் மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ராஜாராம் அவரைச் சிமெண்டு அடுக்கியிருந்த கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். நாலாவது வீட்டு வாசலில், கடல் பார்க்க வந்த மில் முதலாளி ஒருவரின் மருமகனுடைய பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஷஃபியுல்லா போய்க் கேட்டதற்கு, கூத்தாடிக்குக் கட்டில் மெத்தை எதற்கு, அவருக்கே கூச்சமாக இருக்கும் என்று ராஜாராம் சிரித்தார். பட்டியலில் எழுதும்போது கலைஞர், வாசலில் வந்து நின்றால் கூத்தாடி. இது எந்த ஊர் நியாயம்?

கொட்டகைக்கு ஓடினால், அங்கே சின்னையன் துண்டால் சிமெண்டுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னா பாய், இதே போதும். பேஜாரு பண்ணாதீங்க" என்றார்.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. ராஜாராம் மேல் வந்த கோபத்தைவிட இந்த மனுஷன் மேல் வந்த கோபம் பெரிது. அவர் கையைப் பிடித்து, மூட்டையையும் தூக்கிக்கொண்டு, வந்திருந்த பெரிய மனிதர்கள் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார் ஷஃபியுல்லா. நாலு சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தன.

"இது சத்திரம் இல்ல சார், வூடு. யாருக்கு அளவெடுத்தேனோ அவரு உள்ள போனாத்தான் மத்த சாவி வெளிய வரும்."

அத்தனை பேர் பார்க்க ராஜாராம் என்ன செய்வார்? அதெல்லாம் தவறுதலாக நடந்தது என்று வழிந்தார். பெட்டிகள் காருக்குத் திரும்பின. சின்னையன் நாலாவது வீட்டுக்குள் போனார். ஷஃபியுல்லா அன்று வயிறாரப் பிரியாணி சாப்பிட்டார்.

மறுநாள் காலை, வீடு எப்படி என்று கேட்கப் போனார். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சின்னையன் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வூடு ஜோரா கீது பாய். நான்தான் படுக்கல. எப்ப வந்து காலி பண்ணச் சொல்வாங்களோன்னு மூட்டய அவுக்காம ஒக்காந்துகினு இருந்தேன்."

இருபது வருஷக் கோபத்தில் இப்படி ஒரு கோபம் அவருக்கு வந்ததில்லை. பாய்வதற்குத்தான் எதிரே ஆள் இல்லை. தரையில் உட்கார்ந்து மூட்டையை இழுத்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார்.