நான் சரிசெய்த மேண்டலின்

பதினோரு வயதில் எனக்குத் தெரியாத ரிப்பேர் வேலையே கிடையாது. எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் டிவி ரிமோட் என் கையில் இரண்டு முறை உயிர் பிழைத்திருக்கிறது. மிக்ஸி பிழைக்கவில்லை; அதற்கு மிக்ஸிதான் காரணம்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க லாஃப்டைக் காலி செய்தபோது, பழைய போர்வைக்குள் ஒரு மேண்டலின் கிடைத்தது. அத்தையுடையது என்றார் அப்பா. கல்யாணத்துக்கு முன் சர்ச் பாடகர் குழுவில் வாசித்தாராம். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குச் செம்பாக்கத்திலிருந்து அத்தை வருவார். அதற்குள் சரிசெய்து அவர் கையில் கொடுத்து அசத்திவிட வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றார் அப்பா. கேட்டால் அப்புறம் என்ன சர்ப்ரைஸ்?

திருகுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். அப்பாவை இழுத்துக்கொண்டு போய்த் தாம்பரத்தில் புதுக் கம்பிகள் வாங்கினேன். போனில் வீடியோ பார்த்து மாட்டும்போதுதான் அந்த அபத்தம் கண்ணில் பட்டது. தடித்த கம்பிகள் இருக்க வேண்டிய பக்கத்தில் மெல்லியவை இருந்தன. எல்லாமே தலைகீழ்! எந்த மேதாவி மாட்டினானோ என்று சிரித்துக்கொண்டே, கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டையைக்கூடப் பெயர்த்துத் திருப்பி ஒட்டினேன். இரண்டு நாள் வேலை அது.

பிரியாணி முடிந்ததும் கொண்டுவந்து நீட்டினேன். அத்தை அதை வாங்கி மடியில் வைத்து, இடதுகையால் மீட்டினார். ஒரு வரிகூட ஓடவில்லை. விரல்கள் மறுபடி மறுபடி தப்பான கம்பியில் போய் நின்றன.

"அத்தை, மாத்திப் பிடிச்சிருக்கீங்க," என்றேன். கம்பிகளைத் தலைகீழாக மாட்டியிருந்ததையும் நான் திருத்தியதையும் பெருமையாக விளக்கினேன். அவர் வாத்தியத்தைத் திருப்பி வலதுகையால் இரண்டு தட்டுத் தட்டினார். நிறுத்திவிட்டார்.

"நல்லா பண்ணியிருக்க கண்ணு. இப்பதான் முறைப்படி இருக்கு. நீயே வச்சுக்கோ."

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பல வருஷம் கழித்து அவரே சொன்னார். அத்தைக்குச் சிறுவயதில் எல்லாம் இடதுகைதானாம். பெண்பிள்ளை இடதுகையால் சாப்பிடுவதா என்று அந்தக் கையை ரிப்பனால் நாற்காலியில் கட்டிவைத்துப் பழக்கினார்களாம். சாப்பிட, எழுத, கோலம் போட, எல்லாம் வலதுக்கு மாறிவிட்டது. பாடகர் குழு மாஸ்டர் ஒருவர்தான், உன் கை எதுவோ அதில் வாசி என்று கம்பிகளை மாற்றி மாட்டிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கைக்கென்று அத்தையிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

அதையும் நான் திருத்திவிட்டேன். அன்றைக்கோ, வேலை பிடித்துப்போய்ப் பரிசாகக் கொடுத்துவிட்டார் என்றே நம்பி, அத்தையைக் கட்டிப்பிடித்துத் தேங்க்ஸ் சொன்னேன்.