சுவரில் ஆகாத பனை

போன மாதம் எங்கள் தேவாலயத்தில், பிரசங்கபீடத்துக்குப் பின்சுவரிலிருந்து ஒரு திராட்சைக் குலை விழுந்து உடைந்தது. பச்சையும் ஊதாவுமாகப் பளபளக்கும், கடையில் வாங்கிய சுவர் ஓடு அது. நான் சிறுமியாக இருந்தபோது பம்பாயிலிருந்து கப்பலில் கொளச்சலுக்கு வந்து, மாட்டுவண்டியில் எங்கள் ஊருக்கு ஏறியது. அன்று ஊரில் ஒருவரும் திராட்சைக் கொடியைக் கண்ணால் கண்டதில்லை. உடைந்த சத்தம் கேட்டு எல்லோரும் ஐயோ என்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க நான் பாடுபடவும் இல்லை.

அந்த இடத்தில் முதலில் இருந்தது மாமி செய்த பனை. பக்கத்து வீட்டில் இருந்த அப்பாவின் அக்காவை நாங்கள் மாமி என்றுதான் அழைப்போம். மாமாவுக்கு நெய்யூர்ப் பக்கம் ஓட்டுச்சூளை இருந்தது. கூரை ஓடு செய்யும் அதே களிமண்ணைப் பலகையாகத் தட்டி, ஈரம் காயும் முன் மூங்கில் சீவலால் செதுக்கி, சூளையில் சுட்டு மாமி சுவர்ச் சித்திரம் செய்வாள். முப்பதுகளின் தொடக்கத்தில் புதிய தேவாலயம் எழும்பியபோது பின்சுவரை அவளிடம் விட்டார்கள். வேளிமலை, அதன் அடியில் வாழைத்தோப்பு, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடும் கால்வாய், கரையில் தாழை, கதிர் சாய்ந்த வயல். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பனை. அதன் அடிமரத்துக்குச் சொரசொரப்பு வர, காய்ந்த பனந்துண்டையே ஈரமண்ணில் அழுத்தி எடுத்திருந்தாள். உள்ளங்கையை வைத்தால் உறுத்தும்.

பிரதிஷ்டைக்கு முந்தின வாரம் சபைக் கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. அப்பா பள்ளி வாத்தியார், சபைச் செயலாளர். மற்றதெல்லாம் இருக்கட்டும், பனை மட்டும் வேண்டாம் என்றார். "வெளியூர்லேர்ந்து பெரிய மனுசமாரு வருவாவ. பனையேறிமாருக்க கோயிலுன்னு சிரிப்பாவ. திராட்சைக் கொடி வைப்போம், அக்கா. அதுதான் மரியாதை." சிரிப்பார்கள் என்பது பொய்யல்ல. பனையேறி என்ற வசவை அப்பா பள்ளிக்கூட வயதிலிருந்தே தெருவில் வாங்கியவர். அதற்காக, வைதவனை விட்டுவிட்டு மரத்தை வெட்டுவது எந்த ஊர் நியாயம்?

எல்லோர் கையிலும் மாமி போட்ட கருப்பட்டிக் காப்பி. அவள் அடுக்களை வாசலில் நின்று கேட்டாள்: "ஏலே தம்பி, நம்ம அப்பனுக்க நெஞ்சுத் தழும்பு ஒனக்கு மறந்துபோச்சா? அந்த மரத்துல ஏறித்தாம்ல ஒன்னைய வாத்தியாராக்கினாரு. குருத்தோலை ஞாயித்துக்கு ஓலையக் கையில பிடிச்சிட்டு வருவிய, கருப்பட்டியும் தின்பிய. செவருல மட்டும் பனை ஆவாதோ?" எல்லோரும் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.

மறுநாள் கொத்தனார் உளியோடு வந்தார். சாந்தில் இறுகிய பனை முழுசாக வரவில்லை, சில்லுசில்லாகத்தான் வந்தது. மாமி அழவில்லை. துண்டுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள், அதன்பின் மண்ணைத் தொடவில்லை. அப்பாவிடம் பேசினாள், சோறும் விளம்பினாள். கருப்பட்டிக் காப்பி மட்டும் அவருக்குப் போட்டுக் கொடுக்கவே இல்லை. கேட்டால், "சீனி இருக்குல்லா" என்பாள். அப்பா சாகும்வரை சீனிக் காப்பிதான் குடித்தார். அப்பாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த ஒன்றை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

திராட்சை விழுந்த இடத்தை எட்டிப் பார்த்தேன். பனையின் அடித்தூர் அங்கேயே இருக்கிறது. அதைப் பெயர்க்க மாட்டாமல் கொத்தனார் மேலே சாந்து பூசி, திராட்சை ஓடுகளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். சுட்ட மண்மேல் பூசிய சாந்து எத்தனை காலம் பிடிக்கும்?

இப்போதைய செயலாளர், சின்ன வயசுக்காரர், பக்கத்தில் வந்தார். "பழைய மண்ணு ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு பாட்டி. கொத்திட்டு வேற டைல்ஸ் போட்டிருவோம்."

"மண்ணு இல்ல மக்கா, பனை," என்றேன். "உளி எடுத்தியானா முதல்ல என் கையில கொத்து."

தூரின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றேன். இன்னும் உறுத்துகிறது.