மாந்தோப்பில் வைத்த பூசை

அப்போது நான் திருச்சியில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லெக்சரர். யுத்தம் முடிந்திருந்த சமயம். மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். "சுவத்துல சிலுவை மாட்டிட்டா கத்தோலிக்கக் காலேஜ் ஆயிடுமா?" என்று பிரின்சிபால் சவரிநாதர் சாமியார் ஸ்டாஃப் மீட்டிங்கில் அடிக்கடி கேட்பார். பரீட்சை ரிசல்ட்டைத் தவிர எங்களிடம் காட்ட வேறொன்றும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒரு பொங்கல் லீவில், பிரின்சிபாலும் நானும் மாணவர்களோடு திருமானூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனோம். புயலில் கூரை பறந்துபோன பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட வேண்டும். கேம்ப் பொறுப்பு என்னுடையது.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சிக்கல்.

"கூரை போடுங்க, வேணாங்கல. சாவடியில தங்கிக்குங்க," என்றார் நாட்டாண்மை வைத்திலிங்கம். "ஆனா பூசை, ஜெபம்னு ஒண்ணும் வெக்கக் கூடாது. பள்ளிக்கொடத்தச் சாக்கா வெச்சு ஊரையே மாத்திட்டுப் போயிடுவீங்கன்னு பேசிக்கிறாங்க."

நான் பிரின்சிபாலின் காதோரம் சொன்னேன்: "கொஞ்ச நாள்தான சாமி, மனசுக்குள்ள ஜெபிச்சுக்கலாம். வேலை நடக்கட்டும்."

அவர் நாட்டாண்மையைப் பார்த்துக் கும்பிட்டார். "யாரையும் மாத்த வரலீங்க. ஆனா பூசை வெக்காம நான் எந்த நாளையும் ஆரம்பிச்சதில்ல. அத மறைச்சு வெச்சுக்கிட்டு உங்ககூடப் பழகினா, அதுதான் ஏமாத்து. சாவடி வேணாம், வெளியில ஒரு எடம் காட்டுங்க."

நாட்டாண்மை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாந்தோப்பைக் காட்டினார். "அங்க இருங்க. ஊர்ல பேசிட்டு, கூரை போடலாமா வேணாமான்னு காலையில சொல்றேன்."

மார்கழிப் பனியில் மரத்தடியில் சுருண்டு படுத்தோம். 'வந்த வேலை கெட்டது' என்றே நினைத்தேன்.

விடிந்ததும் ஒரு மேசையைப் போட்டு, பூசைப் பெட்டியைத் திறந்து, சாமியார் லத்தீனில் பூசை வைத்தார். கத்தோலிக்கப் பையன்கள் ஈரப் புல்லில் முழந்தாளிட்டார்கள். மற்றவர்கள் கஞ்சிக்கு அடுப்பு மூட்டினார்கள். வாய்க்கால் கரையில் நாட்டாண்மையும் இன்னும் சிலரும் வந்து நின்று, முடியும்வரை பார்த்தார்கள்.

முடிந்ததும் நாட்டாண்மை, அடுப்படியில் நின்ற ராமலிங்கத்தைக் கூப்பிட்டார். அவன் ஜெயங்கொண்டத்துப் பையன், பி.ஏ. மாணவன். நெற்றி நிறையத் திருநீறு.

"நீ நம்ம பக்கத்துப் பையனாச்சே. நீ ஏன் முட்டி போடல?"

"நான் போடறதில்லீங்க. ஹாஸ்டல்ல அவங்க கோயிலுக்குப் போவாங்க, நான் திருநீறு பூசிக்கிட்டுப் படிக்க ஒக்காருவேன். அத அழின்னு சாமியார் ஒரு நாளும் சொன்னதில்லீங்க."

நாட்டாண்மை சாமியாரிடம் திரும்பினார். "என்னமோ பாஷையில கேட்டீங்களே, என்ன கேட்டீங்க?"

"உங்க ஊரு நல்லா இருக்கணும்னும் சேத்துதாங்க கேட்டேன்."

நாட்டாண்மை சிரித்துவிட்டார். "ஒளிச்சுச் செய்யறவனுக்குத்தான் பயப்படணும். இவுரு ஊரே பாக்கத்தான செய்யறாரு!" பிறகு கரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏய், கூரைக்குக் கரும்புத் தோகைய வண்டியில ஏத்துங்கடா!"

அதன்பின் வேலை ஓட்டமாக ஓடியது. ஊர்க்காரர்கள் வேயக் கற்றுக்கொடுத்தார்கள். பையன்கள் கையெல்லாம் தோகை கிழித்த கீறல்.

மாட்டுப் பொங்கலன்று நாட்டாண்மை தம் காளைகளுக்கு மாலை போட்டுத் தோப்புக்கே ஓட்டி வந்தார். "இதுங்களுக்கும் உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க." சாமியார் வெள்ளை மேலங்கி போட்டுத் தீர்த்தம் தெளித்தார். ஒரு காளை அங்கியின் நுனியைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. சாமியார் இழுக்க, காளை இழுக்க, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்படி வாய்விட்டுச் சிரித்த சாமியாரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் பெரம்பலூர்ப் பக்கம் கேம்ப். மாணவர் செக்ரெட்டரி ராமலிங்கம். புறப்படும்போது பஸ்ஸின் மேல் ஏறி நின்று கத்தினான்:

"சார், பூசைப் பெட்டிய ஏத்தியாச்சா? அது இல்லாமப் போனா நாம யாருன்னே தெரியாது சார்!"

கத்தோலிக்கக் கல்லூரி என்றால் என்ன என்று இளம் ஆசிரியர்கள் கேட்டால், நான் இந்தத் திருநீற்றுப் பையனைப் பற்றித்தான் சொல்வேன்.