வறட்டிக்குள் இருந்த பீர்க்கன் விதை

என் வீட்டுக்காரி பீர்க்கன் விதையைத் தாளில் மடித்து வைக்க மாட்டாள். பச்சைச் சாணத்தில் பொதித்து, வறட்டி போலக் கொல்லைச் சுவரில் தட்டிவிடுவாள். பூச்சி அண்டாது. ஐப்பசி மழைக்கு எடுத்து ஊன்றினால் தை மாதம் பந்தலில் காய் தொங்கும். இந்த மாசியில் இரண்டு வறட்டி தட்டினாள். வைகாசியில் சாமியிடம் போய்விட்டாள்.

விதை ஊன்றுவது அவள் வேலை. பந்தலுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டுவதுதான் என் வேலை. இந்த முறை இரண்டும் என் தலையில்.

முதல் மழை விட்டதும் ஒரு வறட்டியைப் பெயர்த்தேன். அவள் விரல்கள் அதில் பதிந்திருந்தன. தறியில் அடிபட்டு வளைந்த சுண்டுவிரல் கூட அப்படியே தெரிந்தது. உடைக்கக் கை வரவில்லை. சாணமும் உரம்தானே என்று முழுசாகவே குழியில் வைத்து மூடி, முருகா என்று மேலே கொஞ்சம் திருநீறு தூவினேன்.

அப்புறம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல் துலக்கும் முன் ஒரு தடவை, ஒற்றை ஆள் சோறு வடித்த பின் ஒரு தடவை. மழை பெய்த நாளிலும் ஒரு செம்புத் தண்ணீர். மாரியம்மன் பண்டிகை வந்தது. தெருவே கோயிலுக்குப் போய்விட்டது. எங்களுக்குத் துக்க வருசம், கோயில் படி ஏறக் கூடாது. மேளத்தைக் கேட்டபடி குழி அருகே உட்கார்ந்திருந்தேன். மண் வெறும் மண்ணாகவே இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மணி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தது.

"ஏனுங்கண்ணா, மொளச்சுதுங்களா?"

"இன்னுங் காணோம் அம்மணி."

"வறட்டிய ஒடச்சு வெதைய எடுத்துத்தானுங்க ஊனுனீங்க?"

"முழுசாத்தான் வெச்சேன்."

"அய்யோ சாமி! கதவப் பூட்டிப்போட்டு வெளிய வா வான்னா எப்படிங்கண்ணா வரும்? அக்கா இருந்திருந்தா மம்முட்டியத் தூக்கீட்டு வந்திருப்பாங்க!"

சிரித்துக்கொண்டே வந்து கிளறியது. ஊறிய சாணத்துக்குள் விதையெல்லாம் அழுகிக் கிடந்தது. அம்மணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொன்னு இருக்குதுங்கல்ல? அதையாச்சும் ஒடச்சு ஊனுங்கண்ணா. அடுத்த வருசம்னு வெச்சீங்கன்னா வெதை செத்துப் போயிருமுங்க."

அதிலும் அவள் விரல் இருந்தது. விளக்கு முன்னால் வறட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் விரலை வைத்துக்கொள்வதா, விதையை வைத்துக்கொள்வதா என்று சாமியைக் கேட்டேன். அவளைக் கேட்டிருந்தால் திட்டியிருப்பாள். அதை நினைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு உடைத்தேன். உள்ளே விதைகள் கறுகறுவென்று இருந்தன. ஊறவைத்து, மேலாக ஊன்றினேன். உதிர்ந்த சாணத்தையும் அதே குழியில் போட்டேன்.

ஒரு காலையில் மண் வெடித்திருந்தது. விதைத் தோலைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு ஒரு முளை. பக்கத்தில் இன்னொன்று.

"இங்க வந்து பாரு, வந்துருச்சு!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டேன். சத்தம் போட்ட பிறகுதான் உறைத்தது.

பிறகு உள்ளே போய் விளக்கேற்றிக் கும்பிட்டேன். காய் முற்றினால் விதையை எடுத்துச் சாணத்தில் பொதித்துத் தட்ட வேண்டும். என் விரல்கள் தடித்தவை. அவளுடையவை போல அழகாகப் பதியாது.