ஓடிபி கேட்ட பிரிசில்லா மேடம்

கடலூர் முதுநகரில் பன்னிரண்டு வருஷம் செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்த பிரிசில்லாவுக்கு, ஜனங்கள் ரகசியம் காக்கும் லட்சணம் நன்றாகவே தெரியும். டிஸ்பிளே மாற்றக் கொடுக்கிறவர்கள் லாக் நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதி, போனின் முதுகிலேயே ஒட்டிக் கொடுப்பார்கள். "உள்ள ஒண்ணும் இல்லம்மா" என்று வேறு சொல்வார்கள். திறந்தால் ஸ்கேன் ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டுமாகக் குடும்பத்தின் நோய்நொடி அத்தனையும் கிடக்கும். தலையில் அடித்துக்கொள்வதற்குப் பதில் இதையே சொல்லிக்கொடுத்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. தகவல் பாதுகாப்பை அஞ்சல் வழியில் படித்துச் சான்றிதழ் வாங்கினார். இப்போது நாலு வருஷமாகக் காலை பஸ்ஸில் சிதம்பரம் போய், வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் பெண்களுக்கு டேப்லெட் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார்.

இந்த வருஷம் முதல் வகுப்பில் வந்திருந்த இருபத்துநாலு பேரின் டேப்லெட்டையும் வாங்கிப் பார்த்தார். ஒன்றில்கூட லாக் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து லோகநாயகி எழுந்தார். வயது ஐம்பத்திரண்டு, பிச்சாவரம் பக்கத்து இருநூறு வீடுகள் அவர் பொறுப்பு.

"மேடம், பிரஷர் பாக்குறதுக்கு முன்னாடி ஆளை அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வைக்கணும். இந்தச் சனியன் ரெண்டு நிமிஷத்துல பூட்டிக்குது. எத்தினி வாட்டி நம்பர் அடிக்கிறது? அதான் லாக்கை எடுத்துட்டோம்."

எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத காரணம். திட்ட வாயெடுத்த பிரிசில்லா சிரித்துவிட்டார். அந்த ஐந்து நிமிஷமும் பேச்சுக்கொடுங்கள், பிறகு டேப்லெட்டைப் பையிலிருந்து எடுங்கள் என்று வழி சொன்னார். அன்றிலிருந்து லோகநாயகி மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

அந்த லோகநாயகிதான் வகுப்பு முடிவில் நடந்த எழுத்துத் தேர்வில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கினார். பேனாவைப் பிடித்தாலே அவருக்குக் கை வியர்த்துவிடும். மறுதேர்வில் தேறாவிட்டால் இருநூறு வீடும் வேறு ஆளுக்குப் போய்விடும். மறுதேர்வுப் பதிவுக்குக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. மூன்று மணிக்குப் பட்டியலைப் பார்த்தால் அவர் பெயரே இல்லை. பதறிப்போன பிரிசில்லா தானே பதிவு செய்ய உட்கார்ந்தார். வீட்டு விவரமெல்லாம் இருக்கும் அதே கணக்கில்தான் பதிவும் செய்யவேண்டும்; ஓடிபி லோகநாயகியின் போனுக்குப் போயிற்று. உடனே கூப்பிட்டார்.

"அக்கா, இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. சீக்கிரம் சொல்லுங்க."

"யாரு பேசுறது?"

"பிரிசில்லா பேசுறேன்க்கா! உங்க மேடம்!"

"கொரலு அவுங்க மாதிரிதான் இருக்குது. ஆனா கொரலையும் போலியாச் செய்யலாம், நம்பரையும் மாத்திக் காட்டலாம்னு எங்க மேடம் சொல்லிக்குடுத்திருக்காங்க. இதைச் சொன்னா எங்க இருநூறு வீட்டு வெவரமும் தெறந்துக்கும். போனை வைம்மா."

அவரே வைத்தும்விட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. நல்லது செய்யப் போனால் இப்படி ஒரு பிடிவாதமா என்று பிரிசில்லாவுக்கு எரிச்சல் வந்தது. நிமிர்ந்தால் எதிரே கரும்பலகை. 'கடவுளே கேட்டாலும் ஓடிபி சொல்லாதே' என்று செவ்வாய்க்கிழமை பெரிதாக எழுதியது அவர் கைதான். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

நாலே முக்காலுக்கு மூச்சு வாங்க உள்ளே வந்தார் லோகநாயகி.

"மேடம், உங்க கொரல்ல எவளோ ஓடிபி கேக்குறா. உஷாரா இருங்க! இதை உங்ககிட்ட சொல்லிட்டு, கையோட பதிவையும் முடிச்சுக்கலாம்னு பஸ் ஏறிட்டேன்."

"அது நான்தான்க்கா."

முதலில் நம்பவில்லை. போனில் அழைப்புகளைக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யய்யோ, உங்களையா போனை வைன்னேன்!"

பிரிசில்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாலு வருஷப் பாடம் ஒருத்தர் மனதிலாவது இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறதே! புது ஓடிபி வந்தபோது லோகநாயகி போனை மார்போடு அணைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் திரும்புங்க மேடம்" என்றார். மேடமும் திரும்பிக்கொண்டார். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது பதிவு முடிந்தது.

மறுதேர்வை வாய்மொழியாக நடத்த ஆசிரியருக்கு அனுமதி உண்டு. திங்கட்கிழமை வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்க, பிரிசில்லா முதலில் தன் தப்பை ஒளிக்காமல் சொன்னார். பிறகு பத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பேனா கையில் இல்லாத தைரியத்தில் லோகநாயகி முதல் ஒன்பதுக்கும் மடமடவென்று பதில் சொன்னார்.

"கடைசிக் கேள்வி, அக்கா. நல்லாத் தெரிஞ்சவங்களே போன்ல ஓடிபி கேட்டா என்ன செய்வீங்க?"

"பஸ் ஏறுவேன்" என்றார் லோகநாயகி.