எதிர்க்கடை மெத்தை

மெத்தைக் கடையில் இருபது வருடமாக நிற்கிறார் அவர். கடை முழுக்கப் படுக்கைதான். அவருக்கு மட்டும் உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. தெருவில் மெத்தைக்காரர் என்றே பெயராகிவிட்டது.

பார்த்தால், விற்கப் பிறந்த ஆள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வாய்ச்சாலகம் இல்லை. நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் மூக்கு நுனி வேர்த்துவிடும். பொய்யோ சுத்தமாக வராது. குட்டிப் பொய்க்குக்கூட இரண்டு காதும் சிவந்து, சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் சேதி சொல்லிவிடும்.

ஆனாலும் கடையில் அதிகம் விற்கிறவர் அவர்தான். இருக்கிற மெத்தையில் எல்லாம் புரண்டு பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று நழுவுகிறவர்களிடமும் முகம் சுளிக்க மாட்டார். அவர்களுடைய செருப்பைத் தேடி எடுத்து வைப்பார். அடுத்த வருடம் அவர்களே வந்தால், "பாப்பா இப்ப தனியாப் படுக்குதா?" என்று விசாரிப்பார். வாங்கலாமா, வேண்டாமா என்று அவர்கள் இரண்டு மனதாக நிற்கும் நேரம் பார்த்து ஒன்றே ஒன்று சொல்வார்: "என் வீட்லயும் இந்த நார் மெத்தைதான் போட்டிருக்கேன்." காது சிவக்காது. வந்தவர்கள் வாங்கிவிடுவார்கள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனார். கட்டிலில் எதிர்க்கடையின் ஸ்பிரிங் மெத்தை ராணி மாதிரி படுத்திருந்தது. அவருடைய நார் மெத்தை, வாத்தியார் வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்தவனைப் போல, சுவரோரம் சாய்ந்து நின்றது.

"என்ன இது?"

"மெத்தை," என்றாள் மனைவி. "உங்களுக்குத் தெரியாததா."

"எதிர்க்கடையில போயா வாங்குன?"

"உங்க கடையில பலகைதானே விக்கிறீங்க. ஒரு வருஷமா முதுகு வலிக்குதுன்னு சொல்லிட்டு இருக்கேன்."

"சொன்னியா?"

"பாத்தீங்களா. கடைக்கு வர்றவங்க முதுகுன்னா ஒரு மணி நேரம் உக்காந்து... உங்களுக்குத்தான் ஸ்டூலும் கெடையாதே, நின்னுக்கிட்டே கதை கேப்பீங்க. என் முதுகுக்கு மட்டும் 'தைலம் தேய்ச்சுக்கோ'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துருவீங்க. அந்தக் கடைப் பொண்ணு, 'எந்தப் பக்கம் சாஞ்சு படுப்பீங்கக்கா'ன்னு கேட்டா. எனக்கு அழுகையே வந்துருச்சு."

இருபது வருட வித்தையை எல்லாம் மெத்தைக்காரர் வெளியே எடுத்தார்.

"ரெண்டு நாள் யோசிச்சுப் பாரேன்."

"யோசிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

"நார்தான் முதுகுக்கு நல்லது."

"யாரு முதுகுக்கு?"

"பழகினா சரியாப் போயிடும்மா."

"உங்ககூடப் பழகினேனே, சரியாப் போச்சா?"

சரக்கு தீர்ந்துவிட்டது. பாவம்போல உண்மையைச் சொன்னார்: "நாளைக்கு யாராவது வந்து நின்னா நான் என்னத்தைச் சொல்வேன்? என் பொழப்பே அந்த ஒரு வார்த்தையிலதான் ஓடுது. இதைத் திருப்பிக் கொடுத்துடேன்."

"என் முதுகைத் திருப்பிக் கொடுக்க முடிஞ்சா, இதையும் கொடுத்துடறேன்."

மெத்தைக்காரர் நார் மெத்தையை ஹாலுக்கு இழுத்துப் போட்டு அதில் படுத்துக்கொண்டார். வீடு என்றால் ஹாலும் சேர்த்திதானே. வார்த்தை பொய்யாகாது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சியபடி தூங்கிப் போனார்.

மறுநாள் கடைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். முதலாளி அவரைவிட வயதில் சின்னவர். கல்லாவிலிருந்து, "அண்ணே, விட்றாதீங்க" என்று கண்ணைக் காட்டினார். கணவனுக்கு நார் மெத்தை பிடித்துவிட்டது. படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து முகத்தைச் சுருக்கினாள். நேரம் வந்துவிட்டது.

"என் வீட்லயும் இதுதான் போட்டிருக்கேன்," என்றார். காது சுட ஆரம்பித்தது. "ஹால்ல."

"ஹால்லயா?" என்றாள் அந்த அம்மா.

"நான் ஹால்ல படுக்கறேன்."

"ஏன், வீட்ல சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லம்மா. அவளுக்கு முதுகு வலி. எதிர்க்கடை மெத்தையில படுக்கறா."

கல்லாவில் பேனா விழுந்த சத்தம் கேட்டது.

"அவங்களுக்கு எந்த எடத்துல வலி?"

மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். ஊரில் யாருக்கு எந்த எலும்பு தகராறு செய்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். இது மட்டும் வரவில்லை.

"தெரியலைங்க," என்றார்.

அந்த அம்மா படுத்திருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "இவருக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டு மெதுவாக எழுந்து எதிர்க்கடைக்கு நடந்தாள். கணவன் தனக்கு மட்டும் ஓர் ஒற்றை மெத்தைக்குச் சொல்லிவிட்டு, பின்னாலேயே ஓடினார்.

"பாதி யாவாரத்தை எதிர்ல அனுப்பிட்டீங்களேண்ணே," என்றார் முதலாளி.

"மீதி பாதி, அந்த ஒத்தை மெத்தை, இங்கதானே தம்பி."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மெத்தைக்காரர் மனைவியிடம், "எந்த எடத்துல வலிக்குது?" என்றார்.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "இப்ப என்ன விக்கப் பாக்குறீங்க?"

"ஒண்ணும் விக்கல. சொல்லு."

அவள் இடது இடுப்பில் தொடங்கினாள். குனிந்து கூட்டும்போது எங்கே பிடிக்கிறது, படியேறும்போது எங்கே இழுக்கிறது என்று போய்க்கொண்டே இருந்தாள். தட்டில் போட்ட சாப்பாடு ஆறிப்போனது. கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பதுபோல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தைலம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவளே ஸ்பிரிங் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து, "அந்தப் பக்கம் தூக்குங்க" என்றாள். இரண்டு மெத்தையும் ஹாலில் ஒட்டிக் கிடந்தன. அவள் பக்கம் நாலு விரல் உயரம்.

"தூக்கத்துல உருண்டு என் மேல விழுந்துடாத," என்றார்.

"விழுந்தா தாங்கிக்கோங்க. கெட்டி மெத்தைன்னுதானே விக்கிறீங்க," என்று அவள் இடது பக்கம் வலிக்காமல் மெல்லத் திரும்பிப் படுத்தாள்.